படித்துச் சொல்ல ஆள் தேடும் சமுதாயம்!



உங்கள் கடையின் கல்லாப் பெட்டியைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருக்கும் காகிதங்களை ஒருமுறை வெளியே எடுங்கள். ஜி.எஸ்.டி. நோட்டீஸ், கடைக்குச் செய்த இன்சூரன்ஸ் பாலிசி, வங்கிக் கடன் பத்திரம், சரக்கு அனுப்பிய லாரி ஆபீஸின் ரசீது. இவற்றில் எத்தனை ஆங்கிலத்தில் இருக்கின்றன? அவற்றில் எத்தனையை நீங்களே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீர்கள்? ஆடிட்டர் ஆபீஸ் பையன் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் போட்டீர்கள். ஏஜெண்ட் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்த இடத்தில் போட்டீர்கள். உண்மைதானே?

சரி, உங்கள் மகனைக் கூப்பிடுங்கள். எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில மீடியம். கடன் வாங்கியாவது ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்த பிள்ளை. பாலிசியை அவன் கையில் கொடுங்கள். மளமளவென்று வாசிப்பான். உச்சரிப்பும் நன்றாகவே இருக்கும். 'இதில் என்னடா போட்டிருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். 'தெரியலை அத்தா, இது எங்க பாடத்தில் இல்லை' என்பான்.

மக்தபில் நம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டித் திருக்குர்ஆன் ஓதுகிறார்கள். பொருள் தெரியாமல் ஓதினாலும் அதற்கு நன்மை உண்டு என்று நம்புகிறோம். ஆங்கிலப் புத்தகத்தைப் பொருள் தெரியாமல் ஓதினால் என்ன நன்மை கிடைக்கும்? இம்மையிலும் இல்லை, மறுமையிலும் இல்லை! ஆனால் பன்னிரண்டு வருடம் அதைத்தான் செய்ய வைத்துக் கொண்டிருக்கிறோம்.

இது ஏதோ மார்க் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். கோவை முஸ்லிம்களுக்கு இதன் விலை என்ன என்பது நன்றாகவே தெரியும். 1997 நவம்பர் இறுதியில் தொடங்கிய கலவரத்தில் நம் சகோதரர்கள் 18 பேர் கொல்லப்பட்டார்கள். நம் கடைகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த குண்டுவெடிப்புகளில் அப்பாவிகள் 58 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு எத்தனை வீடுகளின் வாசலில் போலீஸ் ஜீப் நின்றது! அந்த வழக்கில் 2007 ஆகஸ்டில்தான் தீர்ப்பு வந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்த அப்துல் நாசர் மதானி அன்று விடுதலையானார். அந்த வருடங்களில் தாய்மார்கள் ஜாமீன் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல ஆள் தேடி அலைந்தார்கள். உயர்நீதிமன்ற உத்தரவுகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, இன்றைக்கும் அப்படித்தான். எரிந்த கடைக்கு நஷ்டஈடு கேட்டுப் போனவர்களுக்கும் பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்துக்களின் அர்த்தம் அப்போதுதான் தெரிய வந்தது.

அது பழைய கதை என்பீர்கள். நேற்றைய கதையைப் பாருங்கள். வக்ஃப் திருத்தச் சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஜூன் 6 அன்று 'உமீத்' இணையதளத்தைத் திறந்தார்கள். நாடெங்கும் உள்ள வக்ஃப் சொத்துக்களின் விவரங்களை ஆறு மாதத்துக்குள் பதிவேற்ற வேண்டும் என்றார்கள். சட்டத்தை எதிர்த்து நாம் வீதியில் நின்றோம், நிற்க வேண்டியதுதான். ஆனால் பள்ளிவாசல் அலுவலகத்துக்குள் என்ன நடந்தது? 'ஆங்கிலம் படித்துப் புரிந்து கொள்கிற பையன் யாராவது இருக்கிறானா?' என்று முத்தவல்லிகள் கேட்டுக் கொண்டிருந்தார்கள். ஜமாஅத்தில் பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை. கேட்டது பட்டதாரியை அல்ல. படித்துப் புரிந்து கொள்கிறவனை!

நபித்தோழர் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். யூதர்களிடமிருந்து வரும் கடிதங்களைப் படிக்க வேறொருவரை நம்பியிருக்கக் கூடாது என்பதற்காக, அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஸைதுக்குக் கட்டளையிட்டார்கள். அரை மாதத்துக்குள் அந்த இளைஞர் கற்று முடித்தார். தனக்கு வந்த கடிதத்தைத் தானே படிக்கத் தெரிவது ஒரு சமுதாயத்தின் பாதுகாப்பு. இந்த விஷயத்தை மதீனாவில் அன்றே தீர்த்து வைத்துவிட்டார்கள். நாம்தான் இன்னும் ஆடிட்டர் ஆபீஸ் பையனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம்.

சரண்டர் வேல்யூ தெரியுமா?

எல்.ஐ.சி. பாலிசி எடுத்தவர்களுக்கு இந்த வார்த்தை பழக்கம். பாதியில் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டால், கட்டிய வரைக்கும் கையில் என்ன கிடைக்கும் என்ற கணக்கு. இதே வார்த்தையை ஆங்கிலக் கல்விக்குப் பயன்படுத்திய ஒரு மனிதர் இருந்தார். பெயர் மைக்கேல் வெஸ்ட். பிரிட்டிஷ் ஆட்சியில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய ஆங்கிலேயர். வங்காளத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பைப் பாதியில் விட்டுவிடுவதை அவர் கண்ணால் பார்த்தார். மூன்று வருடம் ஆங்கிலம் படித்துவிட்டு நின்று போகிறவனுக்கு எது மிஞ்சும்? இலக்கணமா? இரண்டு வாக்கியம் பேசுவதா? அது சில மாதத்தில் மறந்துவிடும். தானாகப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், நின்ற பிறகும் அது வளரும். ஆகவே முதலில் படிக்கக் கற்றுக் கொடுங்கள், அதுவும் அவனே தனியாகப் படிக்கிற மாதிரி எளிய புத்தகங்களைக் கொடுங்கள் என்றார். 1926ல் இதை ஒரு நூலாகவே எழுதினார். தெரிந்த சொற்களே திரும்பத் திரும்ப வரும்படியும், புதுச் சொற்கள் கொஞ்சம் கொஞ்சமாக நுழையும்படியும் கதைப் புத்தகங்களைத் தயாரித்தார். இன்று உலகம் முழுவதும் விற்கும் படிநிலைக் கதைப் புத்தகங்களுக்கு அவர் ஒரு முன்னோடி. முஸ்லிம்கள் நிறைந்த கிழக்கு வங்காளத்தின் ஏழை வகுப்பறைகளைப் பார்த்து எழுந்த யோசனை இது!

நம் பிள்ளைகளின் நிலையை இதோடு பொருத்திப் பாருங்கள். பத்தாம் வகுப்போடு நின்று உக்கடம் மார்க்கெட்டுக்கும், மரக்கடைக்கும், பழைய இரும்புக் கடைக்கும் வந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய ஆங்கிலத்தின் சரண்டர் வேல்யூ என்ன? பெரும்பாலோருக்குப் பூஜ்யம். பத்து வருடம் கட்டிய பிரிமியம் எங்கே போனது?

திருப்பூருக்குப் போய்ப் பாருங்கள். வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆர்டர் ஷீட்டையும் மெயிலையும் படித்துப் புரிந்து பதில் எழுதத் தெரிந்தவன் மெர்ச்சண்டைசர் ஆகிறான். தெரியாதவன் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் நிற்கிறான். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களாகக் கூட இருப்பார்கள்.

நான்-டீடெய்லுக்கு என்ன ஆனது?

ஆங்கில வகுப்பில் 'நான்-டீடெய்ல்' என்று ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? வாத்தியார் வரிக்கு வரி நடத்தாமல், மாணவன் தானே படித்து ரசிக்க வேண்டும் என்பதற்காக வைத்த கதைப் பகுதி. இன்றைய பாடப்புத்தகத்திலும் துணைப்பாடம் என்ற பெயரில் இருக்கிறது. அதை எந்தப் பிள்ளையாவது தானாகப் படிக்கிறதா? கைடு வாங்குகிறது. கைடில் உள்ள பத்து வரிச் சுருக்கத்தை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துவிடுகிறது.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் இதே கதைதான். 2010களில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஒரு முழு ஆங்கில நூலைப் படிக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஹெலன் கெல்லரின் சுயசரிதையும் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பும் அந்தப் பட்டியலில் இருந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் அதிலிருந்து பரீட்சைக் கேள்வி என்றதும் சுருக்கப் புத்தகங்கள் கடைக்கு வந்துவிட்டன. பிறகு அந்த ஏற்பாடே எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது பதினொன்று, பன்னிரண்டில் ஆங்கிலத்துக்குப் 'பிராஜெக்ட்' உண்டு, அதற்கு மார்க்கும் உண்டு. அதை யார் செய்கிறார்கள் என்பதைப் பெற்றோர்களே தங்கள் மனச்சாட்சியைக் கேட்டுக் கொள்ளட்டும். ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் தெரியும்.

மார்க் போட்டால் வாசிப்பு செத்துவிடுகிறது. ஆகவே பள்ளிக்கூடம் செய்யட்டும் என்று காத்திருக்கிற வேலை அல்ல இது. பிள்ளை தனக்குப் பிடித்த புத்தகத்தைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். பரீட்சை கூடாது. தினமும் இருபது நிமிடமாவது சத்தமில்லாமல் படிக்க வேண்டும். படித்ததை வாரம் ஒருமுறை நாலு பேரிடம் சொல்ல வேண்டும். இவ்வளவுதான்.

இவ்வளவுதானா, இதில் ஆங்கிலம் வந்துவிடுமா என்று கேட்பீர்கள். பாரதி கண்ணீர் விட்டுப் பாடிய பிஜித் தீவு இருக்கிறதே, நம் தமிழர்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டு போன இடம், அங்கே 1980ல் ஒரு சோதனை நடத்தினார்கள். நியூசிலாந்துக்காரரான வார்விக் எல்லியும், ஃபிரான்சிஸ் மங்குபாய் என்பவரும் சேர்ந்து செய்தது. கிராமத்துப் பள்ளிகள். வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகள். நாலாம், ஐந்தாம் வகுப்புகளுக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். சில பள்ளிகளில் ஆசிரியர் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தார். சில பள்ளிகளில் பிள்ளைகள் தினமும் தாங்களே மௌனமாகப் படித்தார்கள். மற்ற பள்ளிகளில் வழக்கமான இலக்கணப் பயிற்சியே தொடர்ந்தது. எட்டு மாதம் கழித்துச் சோதித்தார்கள். படித்துப் புரிவதிலும் கேட்டுப் புரிவதிலும் கதை படித்த பிள்ளைகள் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பலன் எழுதுவதற்கும் பரவியது. இரண்டு விதப் பள்ளிகளிலும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது என்பதையும் கவனியுங்கள். பெரிய ஆங்கிலப் பண்டிதர் தேவைப்படவில்லை; புத்தகம் தேவைப்பட்டது, நேரம் தேவைப்பட்டது. சிங்கப்பூர் 1985ல் இதே பாதையில் தன் தொடக்கப் பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. இலங்கையிலும் 1990களில் சிறு கிராமப் பள்ளிகளில் செய்து பார்த்தார்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. இதில் தவறினால் எல்லாம் வீண். புத்தகம் சுலபமானதாக இருக்க வேண்டும். நூறு சொற்களில் 98 சொற்களாவது தெரிந்திருந்தால்தான் தடையில்லாமல் படிக்க முடியும் என்று இத்துறை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதற்கு ஆசிரியர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளை படிக்கட்டும். தெரியாத சொல் வரும் போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். எட்டாம் வகுப்புப் பையனுக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகம்தான் பொருந்துகிறது என்றால் அதையே கொடுங்கள். இதில் வெட்கம் எதற்கு? 'என் பையன் இங்கிலீஷ் பேப்பர் படிக்க வேண்டும்' என்று முதல் நாளே தலையங்கத்தை நீட்டுகிற அத்தாமார்கள்தான் பிள்ளைகளை ஓட வைக்கிறார்கள்.

கோவையில் நம் வீடுகளின் மொழியையும் மறந்துவிடக் கூடாது. கோட்டைமேட்டில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் உருது. குனியமுத்தூர், போத்தனூர் பக்கம் மலையாளம். ஆங்கில வகுப்பில் வாத்தியார் தமிழில் அர்த்தம் சொன்னால் அதுவும் சில பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழிதான். இவர்களுக்குப் படம் போட்ட புத்தகம் செய்கிற வேலையை எந்த டியூஷன் சென்டரும் செய்யாது.

சிறைக்குள் ஒரு அகராதி

கதைப் புத்தகம் படித்து உருப்பட்டவன் யார் என்று கேட்கும் பெரியவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மால்கம் எக்ஸ், பிற்காலத்தில் அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். திருட்டு வழக்கில் 1946ல் சிறைக்குப் போனார். ஒரு கடிதம்கூட ஒழுங்காக எழுத வரவில்லையே என்ற ஆற்றாமை அவரைப் பிடித்துக் கொண்டது. சிறையில் ஒரு அகராதியை வாங்கி, முதல் பக்கத்தை அப்படியே நோட்டில் பார்த்து எழுதினார். மறுநாள் அடுத்த பக்கம். இப்படியே போனது. நார்ஃபோக் சிறை நூலகத்தில் இருந்த சரித்திரப் புத்தகங்களை வாரி வாரிப் படித்தார். இரவில் விளக்கை அணைத்த பிறகும், வெளியே எரியும் விளக்கிலிருந்து கம்பி வழியாக விழும் வெளிச்சத்தில், தரையில் உட்கார்ந்து படித்தார். 1952ல் வெளியே வந்த மனிதர் வேறொருவராக இருந்தார். அவரோடு வாதிட்டு ஜெயிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களே திணறினார்கள்.

அப்துல் கலாமை எடுத்துக் கொள்ளுங்கள். இராமேஸ்வரத்தில் பேப்பர் போட்ட பையன். எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவரின் வீட்டு நூலகத்தில் இரவல் வாங்கிப் படித்து வளர்ந்தவர். 1953ல் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமாக வாங்கிய ஒரு ஆங்கில நூலைக் கடைசி வரை கூடவே வைத்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்த இரவல் புத்தகங்களுக்கு யாரும் மார்க் போடவில்லை.

'ஆங்கிலக் கதை படித்தால் பிள்ளைகளின் ஈமான் என்னாவது?' என்று சில ஹள்ரத்மார்கள் கவலைப்படுவார்கள். கவலை நியாயமானதே. ஆனால் அதே பிள்ளையின் கையில் செல்போன் இருக்கிறது, ராத்திரி பன்னிரண்டு மணி வரை இருக்கிறது. அதில் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. புத்தகத்தையாவது நாம் பார்த்துப் பொறுக்கி வைக்கலாம். ஹள்ரத்தே வந்து பொறுக்கட்டும். அலமாரிச் சாவியையும் அவரிடமே கொடுத்து விடுவோம். வழிகாட்டுங்கள் என்கிறோம், வழிமறிக்க வேண்டாம் என்கிறோம். முதல் வஹீயே வாசிப்பைப் பற்றி வந்த உம்மத் இது. பத்ருப் போர்க் கைதிகளிடமே பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்க வைத்த சமுதாயம் இது.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பன்னிரண்டாம் வகுப்பில் பையன்களை விட நல்ல மார்க் எடுத்துவிட்டுக் கல்யாணத்துக்காக வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். தெருச் சிறுமிகளைச் சேர்த்து வைத்துப் படிக்க வைக்க அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? சம்பளமாக ஏதாவது கொடுங்கள். தர்மத்துக்கு உழைக்கச் சொல்லாதீர்கள்.

காசு யார் தருவது?

வியாபாரிகளே, நீங்கள் ஏற்கெனவே தந்து கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடைக் கட்டடத்தின் சொத்து வரி ரசீதைப் பாருங்கள். வரியில் ரூபாய்க்குப் 10 பைசா நூலக வரி. 1948ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவிலேயே இத்தகைய முதல் சட்டம். அதைக் கொண்டு வந்த அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் நம் திருப்பூர்க்காரர். பல தலைமுறைகளாகக் கொங்கு நாட்டு முஸ்லிம் வியாபாரி நூலகத்துக்கு வரி கட்டுகிறார். அதில் எத்தனை பேர் வீட்டில் நூலக உறுப்பினர் அட்டை இருக்கிறது? வரி மட்டும் கட்டிவிட்டுச் சரக்கு எடுக்காமல் திரும்பும் வியாபாரியை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

ஒரு சங்கடம் இருக்கிறது. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. நம்மில் பலருக்குக் கடை விடுமுறையும் வெள்ளிக்கிழமைதான்! இதை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கோரிக்கையாக வைக்கலாம், வைப்போம். கோரிக்கை நிறைவேறும் வரை, ஜும்ஆவுக்குப் பிறகு திறந்திருக்கும் ஒரு அலமாரியைப் பள்ளிவாசல் வளாகத்திலோ, மதரஸாக் கட்டடத்திலோ, காலியாகக் கிடக்கும் கடை மாடியிலோ நாமே வைத்துக் கொள்வோம்.

நூறு புத்தகம் போதும் தொடங்குவதற்கு. குழந்தைகளுக்கென்றே மலிவு விலையில் ஆங்கிலப் புத்தகம் போடும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும், நேஷனல் புக் டிரஸ்டும் 1957லிருந்து இருக்கின்றன. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த கதைகள் கூட இலவசமாகக் கிடைக்கின்றன; படி ஒன்று, படி இரண்டு என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். பிரின்ட் எடுத்து நூல் போட்டுத் தைத்தால் புத்தகம். உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளைத் தேடிக் கோவை முழுவதிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள்; கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாம் போவதில்லை. கல்யாணத்தில் இரண்டு தேக்சா பிரியாணியைக் குறைத்தால் ஒரு தெருவுக்கு அலமாரியோடு புத்தகமும் வந்துவிடும்.

ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை ஒரு காரியம் செய்கிறது. புத்தகத் திருவிழாவுக்கு முன்கூட்டியே பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டியல் கொடுத்துவிடுகிறார்கள். சேர்த்த காசைக் கொண்டு வந்து பிள்ளை தன் கையால் புத்தகம் வாங்குகிறது. இதை நம் மக்தப்களில் ரமளானில் தொடங்கலாம். பெருநாள் காசு கையில் வரும்போது பட்டாசுக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் முன்னால் உண்டியல் நிற்கட்டும்.

அரசையும் விட்டுவிடக் கூடாது. 2023ல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாகச் சிறு புத்தகங்களை வெளியிட்டது. தமிழுக்குச் செய்த இந்த நல்ல காரியத்தை ஆங்கிலத்துக்கும் செய்யச் சொல்லி, ஆங்கில வகுப்பில் வாரத்துக்கு இரண்டு பீரியடாவது மார்க் இல்லாத சுய வாசிப்புக்கு ஒதுக்கச் சொல்லி, நம் அமைப்பின் கிளைகள் மனுக் கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் 2012-13லிருந்து ஆங்கில மீடியம் வந்துவிட்டது. மீடியம் வந்த பிறகும் ஆங்கிலப் புத்தகம் வரவில்லை என்றால் அது யாரை ஏமாற்றுவதற்கு?

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். டியூஷன் எடுக்காதீர்கள். வாத்தியார் வேஷம் போடாதீர்கள். மஃரிபுக்குப் பிறகு அரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களும் ஒரு புத்தகத்தைத் திறந்து படியுங்கள். ஒரு கோடு போட்ட நோட்டில் பிள்ளையின் பெயர், புத்தகத்தின் பெயர், படித்த பக்கம், பிடித்ததா இல்லையா, இவ்வளவு மட்டும் அந்தப் பிள்ளையே எழுதட்டும். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடி வைக்க அனுமதியுங்கள். வாரம் ஒருநாள், படித்த கதையைத் தமிழிலோ உருதுவிலோ ஆங்கிலத்திலோ எப்படி வருகிறதோ அப்படிச் சொல்லட்டும். கேட்கிறவர்கள் சிரிக்கக் கூடாது. ஆறு மாதம் நடத்திவிட்டு, அந்த நோட்டைக் கொண்டு போய் உங்கள் மஹல்லா ஜமாஅத் கூட்டத்தில் வையுங்கள். கூடவே ஒரு இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் முன்னிலையிலேயே பிள்ளை அதைப் படித்து அர்த்தம் சொல்லட்டும், இன்ஷா அல்லாஹ்.